ஐந்து நிமிட நேர்முகம்

பிரிட்டிஷ் விமானப்படையின் விண்வெளிக் கண்காணிப்புப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு விலகிய ஜதுர்ஷிகாவுக்கு, வெளியில் அது முதல் நேர்முகம். லண்டன் லூயிஷாமில் ஒரு சிறிய செயற்கைக்கோள் கம்பனி. முதலாளி செல்வரத்தினம் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"திங்கட்கிழமை வேலைக்கு வாங்கோ, பிள்ளை."

அவள் முகம் சுருங்கியது.

"நான் அங்க என்ன செய்தனான் எண்டே நீங்கள் கேட்கேல்லை. தமிழ்ப் பிள்ளை எண்டு இரக்கப்பட்டுத் தாறதெண்டால் எனக்கு வேண்டாம், சேர்."

அவர் அவளுடைய விண்ணப்பத்தை மூடி வைத்தார்.

"ஐஞ்சு வருசத்துக்கு முந்தி எங்கட முதல் செயற்கைக்கோளை நோக்கி ஒரு உடைஞ்ச ரொக்கெட் துண்டு வந்தது. விமானப்படையில இருந்து ஒரு பெண் போன் எடுத்து, உடனே பாதையை மாத்தச் சொன்னா. நான்தான் கதைச்சனான். பயத்தில 'ஐயோ முருகா' எண்டிட்டன். அதுவரைக்கும் இங்கிலிஷில கதைச்சவ, மெல்லமாத் தமிழில, 'பதறாதேங்கோ அண்ணை, நேரமிருக்கு' எண்டா. மாத்தினம், தப்பிச்சுது. இண்டைக்கு இருபது பேர் இஞ்ச வேலை செய்யினம். அண்டைக்கே அவவிட்டப் பேரைக் கேட்டன். சொல்ல அனுமதியில்லை எண்டிட்டா."

ஜதுர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். அன்று தமிழில் பேசியதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"வாசலில நீங்கள் 'வணக்கம்' சொன்ன உடனேயே எனக்குக் குரல் தெரிஞ்சிட்டுது. வேலை உங்கட திறமைக்கு. நன்றி சொல்லத்தான் இவ்வளவு பிந்திப்போச்சு."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"பன்னிரண்டு வருசத்தில எனக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நீங்கள்தான், அண்ணை."