எவ்வளவு சூடு தாங்கும்?

“ஏங்க, தங்கமீனுக்குத் தண்ணி எவ்வளவு சூடு இருக்கலாமுங்க?”

சவரி தலை நிமிர்ந்தான். தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவன் கலர் மீன் கடை போட்டு மூன்று வருஷம் ஆகிறது. விலை கேட்பார்கள். இதைக் குழம்பு வைக்கலாமா என்றுகூடக் கேட்பார்கள். தண்ணீரின் சூட்டைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டவள் ஒரு கையில் குடையும் மறு கையில் டைப்ரைட்டிங் கிளாஸ் நோட்டும் வைத்திருந்தாள்.

“சூடே ஆகாதுங்க. பானைத் தண்ணி மாதிரி இருந்தா அதுக்குக் குஷி. ஏன், என்ன பண்ணுது?”

“மேல மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுதுங்க.”

“தொட்டியை எங்க வெச்சிருக்கீங்க?”

“டி.வி. பொட்டி மேலங்க. படம் பாக்கறப்ப மீனும் நீந்தினா ஜோரா இருக்கும்னு.”

சவரிக்குச் சுருக்கென்றது. சித்திரை வெயில் போதாதென்று டி.வி. பெட்டியின் சூடு வேறு!

“தண்ணி சூடானா அதுல காத்து கொறஞ்சிருங்க. மூச்சு முட்டித்தான் மேல வருது. மொதல்ல அங்கருந்து எடுத்து நெழல்ல வெய்யிங்க. தொட்டியைச் சுத்தி ஈரச் சாக்கு கட்டுங்க. தீனியைப் பாதியாக் கொறைங்க.”

அவள் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா லூர்தம்மாள் சிரித்தாள். “பரவாயில்லடா, கத்தாமப் பேசிட்டியே. ஞாயித்துக்கெழம வரைக்கும் இப்படியே இரு. மாரண்டஹள்ளிக்குப் பொண்ணு பாக்கப் போறோம், ஞாபகம் இருக்கட்டும்.”

மறக்கிற விஷயமா அது? ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. இரண்டு இடத்திலும் ஒரே பேச்சுதான். பையன் நல்லவன், ஆனால் முன்கோபி. மீன்தொட்டிக்குள் பீடித் துண்டைப் போட்ட ஒருவனை அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியது, கை கால் முளைத்து ஊர் ஊராகப் போய்விட்டது. சவரிக்கு முப்பது நடக்கிறது. இந்த இடமும் போனால் அக்கா தாங்கமாட்டாள். வெளியே சொல்லாவிட்டாலும் அவனும் தாங்கமாட்டான்.

மறுநாளும் அவள் வந்தாள்.

“குளுமையா இருக்கணும்னீங்களே, சோடாக் கடையில ஐஸ் வாங்கிப் போட்டேனுங்க. இப்ப ஒரு பக்கமா சாஞ்சு நீந்துது.”

சவரி கண்ணை மூடி மனசுக்குள் மாதா ஜெபம் ஒன்றைச் சொல்லி முடித்தான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

“ஐஸ் போடக் கூடாதுங்க. சூடோ குளிரோ, திடீர்னு மாறுனா அதுக்கு ஆபத்து. புதுத் தண்ணியைப் பழைய தண்ணிக்குப் பக்கத்துலயே ஒரு நாள் வெச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்.”

“ரெண்டும் ஒரே சூடுன்னு எப்படிங்க தெரியும்?”

“கொழந்தைக்குத் தண்ணி ஊத்தறப்ப மொழங்கையை வெச்சுப் பாப்பாங்கள்ல, அப்படித்தான். வெரலு பொய் சொல்லும், மொழங்கை சொல்லாது.”

“அப்படிங்களா!” அவள் தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அவள் குடையை மடக்குவதற்குள் சவரியே கேட்டுவிட்டான். “மீன் எப்படி இருக்குங்க?”

“இந்தத் தொல்லையெல்லாம் யாருங்க பாக்கறது? மறுபடி டி.வி. மேலயே வெச்சுட்டேன். செத்தா செத்துட்டுப் போவுது. அதே கலர்ல வேற ஒண்ணு குடுங்க.”

லூர்தம்மாள் பதறி எழுந்து தம்பியின் கையைப் பிடிப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

“உங்களுக்கு மீன் கெடையாது, போங்க! வாயில்லா ஜீவன் அங்க மூச்சுக்குத் தவிக்குது, இங்க வந்து கலர் பாக்கறீங்களா? அந்த மீனையாவது கொண்டாந்து குடுங்க. நான் பொழைக்க வெச்சுக்கறேன்!”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவள் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

“போச்சு,” என்றாள் லூர்தம்மாள். “மாரண்டஹள்ளி பஸ்ஸு அங்கதான் நிக்குது. எத்தனை பேரு கேட்டாங்களோ!”

கத்தியதற்காகச் சவரி வெட்கப்பட்டான். ஆனாலும் மனசு அந்த மீனையே சுற்றிச் சுற்றி வந்தது. எப்படியும் கொண்டுவந்துவிடுவாள் என்று கடை சாத்தும் வரை தெருவைப் பார்த்திருந்தான். அவள் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவும் தம்பியும் மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறினார்கள். கோயில் உபதேசியார் சொன்ன இடம் அது. பெண்ணின் போட்டோவைக்கூட இருவரும் பார்த்ததில்லை.

பெண்ணின் அப்பா மதலைமுத்து, தக்காளி மண்டிக்காரர், வாசலுக்கே வந்து வரவேற்றார். “உங்களைப் பத்தி நெறைய கேள்விப்பட்டோமுங்க,” என்றார்.

நேற்றுக் கத்தியது இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது என்று சவரி முடிவே கட்டிவிட்டான். குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

கொலுசுச் சத்தம் அருகில் வந்து நின்றது. காபித் தட்டு நீண்டது. பக்கத்தில் லூர்தம்மாள், “மாதாவே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சவரி நிமிர்ந்து பார்த்தான். எதிரே குடை இல்லை, நோட்டு இல்லை, ஆனால் அதே முகம். திகைப்பில் அவன் வாயில் வந்தது ஒன்றுதான். “மீன்... மீன் எங்கங்க?”

“எங்க வூட்ல மீனும் கெடையாது, டி.வி.யும் கெடையாதுங்க,” என்றாள் ராஜமேரி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். “காபி எடுத்துக்குங்க. மூணு நாளா மொழங்கையை வெச்சுப் பாத்துட்டேன். சூடு சரியாத்தான் இருக்கு.”