மறந்துபோன முதல் குறி

கடலுக்கு நடுவே எண்ணெய் மேடையில் தீப்பிடித்த மறுநாள், அங்கிருந்து லேசர் ஒளி ஒரே ஒரு தடவை கரைக்கு எட்டியது. அந்த ஒளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. செய்தி ஒளியின் அலை எழும் திசையில்தான் இருக்கும்: நேராக எழுந்தால் ஒன்று, எதிராக எழுந்தால் பூஜ்யம். எது நேர், எது எதிர் என்று கரைக்குத் தெரிவதற்காக, எந்தச் செய்திக்கும் முன்னால் ஒரு 'ஒன்று' அனுப்புவது மேடைக்காரர்களின் வழக்கம். இன்று அனுப்பியவன் பதற்றத்தில் அதை மறந்துவிட்டான்.

மேடையில் வேலை செய்த பன்னிரண்டு பேருக்கு, பெயர் வரிசைப்படி பன்னிரண்டு குறிகள் வந்தன. உயிரோடிருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். கரை நிலையத்தில் குறிகளை வாங்கும் செல்லக்கனி, சன்னலோர மேசையில் அவற்றைப் பெயர்களுக்கு எதிரே எழுதிப் பார்த்தாள். ஆறு ஒன்று, ஆறு பூஜ்யம். எல்லாவற்றையும் மாற்றிப் படித்தாலும் அதே ஆறு, ஆறு. திரும்பக் கேட்கலாம் என்றால், மூடுபனி இறங்கி ஒளி அறுந்துவிட்டது.

"சனங்க எவ்வளவு நேரம்மா வாசல்ல நிப்பாங்க? படிச்சிடு" என்றார் அதிகாரி.

"சார், இது நேரா வந்திருக்கா, மாறி வந்திருக்கான்னே தெரியல."

"வந்ததை வந்தபடி படி."

அதற்குள் சன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்ற ரோஸ்லின், தன் கணவன் பெயருக்கு எதிரே ஒன்றைக் கண்டுவிட்டாள். வாசலில் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். "இருக்காரு! எங்க வீட்டுக்காரரு இருக்காரு!" என்று பக்கத்தில் நின்ற பிலோமினாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "நில்லு பிலோமி, ஒங்க ஆளையும் பாத்துச் சொல்றேன்."

இருவரும் கண்ணாடியில் குனிந்தார்கள். செல்லக்கனி சட்டென்று பிலோமினாவின் கணவன் பெயருக்கு எதிரே இருந்த குறியின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

மறைத்ததைப் பிலோமினா பார்த்துவிட்டாள்.