வாய்தா

ரிட்டயர்டு வக்கீல் வாயைத் திறந்தால் வீட்டில் யாருக்கும் வாய்தா கிடையாது. மனைவி காதைப் பொத்தினாலும் விடமாட்டார். அப்படிப்பட்டவர் சிறப்புப் பள்ளியில் ஒரு சிறுமிக்குச் சும்மாவே கணக்குச் சொல்லித்தரப் போய்வந்தார்.

“பாவம், அந்தப் புள்ள உங்க பேச்சை எப்படித் தாங்குது?”

“என்னை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டா. ஆனா அவளுக்குப் போரடிச்சா நான் நிறுத்தியே ஆகணும்.”

“நிறுத்துவீங்களா? நீங்களா?”

மறுநாள் மனைவியும் கூடவே போனாள்.

வகுப்பில் சத்தமே இல்லை. வக்கீலின் கைகள் மட்டும் காற்றில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. காது கேளாத அந்தச் சிறுமி ஒரு கொட்டாவி விட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். கைகள் பாதியில் நின்றன.

“வாய்தா வாங்கிட்டாடி” என்று முனகினார்.

மனைவியின் முகம் மலர்ந்தது.

“ஏங்க, எனக்கும் அந்தச் சைகை பாஷையைக் கத்துக்குடுங்க. இனிமே வீட்டுல நாம அதுலதான் பேசணும்!”