யாராவது போகட்டும்

காரைக்கால் வீட்டுக் கூடத்தில், பிரெஞ்சு டிவியில், பாலைவன ஊர்ச் சிறுமி ஒருத்தி காலையிலிருந்து ஒன்பதாவது முறையாக அழுகிறாள். அதே கண்ணீர், அதே வயலின். ‘நம் படை போகலாமா?’ என்று கீழே கேள்வி ஓடுகிறது. ஆன்தோனெத் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கிளிஞ்சல்மேட்டு நண்டு கழுவிய ஈரவிரலால் போனில் ‘ஆம்’ என்று அமுக்குகிறாள். எண்பத்திரண்டு சதவீதம் பேர் அவள் கட்சி. முகத்தில் சின்னதாக ஒரு பெருமை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான புருஷன் ழூல், வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் போட்டோவைச் சற்றுத் திருப்பி வைக்கிறார். பிரெஞ்சுச் சீருடையில் மகன் ஒலிவியே தெரிகிறான். “படைன்னா யாருன்னு நினைச்சே?” “யாராவது போகட்டும்னுதாங்க அமுக்கினேன்.” இப்போது ‘இல்லை’யைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறாள். ‘ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள், நன்றி’ என்கிறது போன். சிறுமி பத்தாவது முறை அழத் தொடங்குகிறாள். ஆன்தோனெத்தும் அழுகிறாள்; யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.