நடுப்பாத்தி

ருக்குமணிக்கு இடுப்பு இன்னும் நிமிரவில்லை. தேயிலைக் கூடை சுமந்த வலி என்றால் தைலம் தேய்த்துப் படுத்தால் விடிவதற்குள் போய்விடும். இது கொட்டுகிற மழையில் நின்று பூப்பாத்தி வெட்டிய வலி. வாரக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"மொகத்த ஏன் இப்படித் தூக்கி வெச்சிருக்க? கொஞ்சம் சிரிலா, ருக்கு." எஸ்டேட் மானேஜர் மகேஸ்வரன் அடிக்குரலில் சொன்னார்.

லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுதும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, வாசலில் வரிசையாக நின்றது. எதிர் மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"நடுவருங்க வண்டி பிரிஞ்சாங் டவுனத் தாண்டிருச்சாம். கேட்டா என்னா சொல்லணும்?"

"பூந்தோட்டம் நாங்களாப் போட்டதுன்னு."

"அதான். பசுமைக் குடியிருப்பு விருது கெடைச்சா இந்த வீடெல்லாம் உங்க பேருக்கு மாறும். கம்பெனி வாக்குக் குடுத்திருக்கு. யாராச்சும் வாய விட்டீங்க, நாளைக்கே பொட்டியக் கட்ட வேண்டியதுதான். பாத்தி வெட்டுனது எல்லாருந்தான், நான் மட்டும் இல்ல. மறந்துறாத."

ருக்குமணி தலையாட்டினாள். இந்த லயத்தில்தான் பிறந்தாள். இங்கிருந்துதான் புருஷனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் வேலை நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

வேன் வந்து நின்றது. கோலாலம்பூரிலிருந்து வந்த நடுவர் நளினி இறங்கினார். மழைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், உரக்குழியை எட்டிப் பார்த்தார், லயத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டியிருந்த தடுப்புச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"மண்ணு சரிஞ்சது இங்கதானா?"

"ஆமாங்க மேடம். போன மாசம் பேய் மழை."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"சாமி புண்ணியத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல." மகேஸ்வரன் வரிசையைப் பார்த்தார். வரிசை தரையைப் பார்த்தது.

சுவரைத் தாண்டி, மண் சரியாத பக்கம் ஓடிய பழைய கால்வாயை நளினி காட்டினார். "அளவெடுத்த மாதிரி வெட்டியிருக்காங்களே, யாரு?"

"ரஃபிக்கு," என்றாள் பக்கத்து வீட்டு மலர், யோசிக்காமல். "பங்களாதேஷ்காரப் பையன். நம்ம ருக்கு வெக்கிற மீன் கறிக்கே அடிமை. வேலை முடிஞ்சா அவன் செருப்பு இவ வாசல்லதான் கெடக்கும்."

"அவரையும் கூப்பிடுங்களேன், பாக்கணும்."

"ஊருக்குப் போயிட்டான் மேடம். காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு." மகேஸ்வரன் முந்திக்கொண்டார். "வாங்க, தோட்டத்தப் பாக்கலாம்."

லயத்து முன்னால் செவ்வந்தி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. மற்ற பாத்திகளுக்குச் சுற்றிலும் செங்கல். நடுப்பாத்திக்கு மட்டும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கல், சுண்ணாம்பு பூசி நட்டிருந்தது. மலர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதற்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"செருப்பக் கழட்டிட்டுத் தண்ணி ஊத்துறாங்களே!"

"மண்ண சாமியா நெனைக்கிற சனங்க மேடம்," என்றார் மகேஸ்வரன்.

நளினியின் கண் கலங்கியது. "எத்தனையோ எடம் பாத்துட்டேன், இதுதான் கடைசி. எல்லாரும் எங்களுக்குக் காட்டத்தான் செடி வெப்பாங்க. நீங்க இந்த மண்ணோட வாழுறீங்க." கூட வந்த இரண்டு பேரோடும் ஒதுங்கிப் பேசிவிட்டுத் திரும்பினார். "விருது உங்களுக்குத்தான்."

கைதட்டல் கிளம்பியது. எவனோ விசிலடித்தான். மலர் ஓடிவந்து ருக்குமணியின் கையைப் பிடித்து நசுக்கினாள். "வீடு நமக்கு ருக்கு! இனி எவன்டி நம்மள வெளிய போன்னு சொல்றது?" ருக்குமணி தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். புதுப் பச்சைச் சாயம், இன்னும் வாசனை போகவில்லை. அந்த நிமிஷம் இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

டிரைவர் வேனிலிருந்து விருதுப் பலகையை இறக்கினார். இரண்டு பக்கமும் நீளமான இரும்புக் கால். கூடவே ஒரு மண்வெட்டி.

"நடுப்பாத்தியில நட்டுரலாம்," என்றார் நளினி. "படத்துக்கு எடுப்பா இருக்கும். நல்லா ஆழமாத் தோண்டணும், இங்க அடிக்கிற காத்துக்கு ஆடக்கூடாது."

கைதட்டல் நின்றுபோனது.

"அங்க வேணாம் மேடம்." மகேஸ்வரனுக்கு அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்தது. "பூவு வீணாப் போயிரும். ரோட்டோரமா நடலாம், வர்றவங்க போறவங்க பாப்பாங்க."

"நாலு செடிதானே? நானே மொத வெட்டு வெட்டுறேன்."

மண்வெட்டி இறங்கியது. ஒரு செவ்வந்தி வேரோடு பெயர்ந்து விழுந்தது. மண் இளக்கமாக இருந்தது. இரண்டாவது வெட்டு இன்னும் ஆழமாகப் போனது. மலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது வெட்டுக்கு நளினி மண்வெட்டியை ஓங்கினார். ருக்குமணி செருப்பை உதறிவிட்டு நடந்துபோய் அதன் காம்பைப் பிடித்தாள்.

"என்னம்மா?"

"ருக்கு!" மகேஸ்வரன் குரல் உடைந்தது. "வீட்ட நெனைச்சுப் பாரு!"

அவள் நினைத்துப் பார்த்தாள். பிடித்த காம்பை விடவில்லை.

"தோண்டாதீங்கம்மா. ரஃபிக்கோட அம்மாவுக்கு நாங்க இன்னும் ஒரு சாவுச் சேதி பாக்கி."