மூன்றாவது கை

டீட்ரிக் டிராக்டரைப் பின்னால் எடுத்து, மண் நிரவும் பிளேடுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினான்.

அடுத்த வீட்டு வேலியோரம் ஹெர்மன் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி நின்றிருந்தான். பால் கேனைத் திருப்பிக் கொடுக்க வந்த அவன் அக்கா நேத்தாவும் வைக்கோல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

தனி ஆளாக அவன் அதை எப்படி மாட்டப்போகிறான்?

டிராக்டரின் பின்புறம் கீழே இருக்கும் இரண்டு கைகளையும் ஒருவனே இறங்கி மாட்டிவிடலாம். மேலே நடுவில் இருக்கும் மூன்றாவது கை, டாப் லிங்க், அவ்வளவு சுலபமில்லை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து டிராக்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று திருகைச் சுற்றித் துளையோடு துளை சேர்க்க வேண்டும். அதில் செருகும் இரும்புப் பின் கைக்குக் கை மாறும்.

டீட்ரிக்கின் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கக் கூடாது. சபை அவனை விலக்கியிருந்தது.

மழைச் சேற்றில், சபை அனுமதிக்கும் இரும்புச் சக்கரம் புதைந்த கோபத்தில் அவன் ரப்பர் டயர் மாட்டிவிட்டான். ரப்பரில் டிராக்டர் நகரம் வரைக்கும் ஓடும், ஓட்டுகிறவனும் அங்கேயே தங்கிவிடுவான் என்பது சபையின் பயம். அறுவடை முடிந்ததிலிருந்து அவன் வெளியாள்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். கேட்காவிட்டால், சபையார் மட்டும் வாழும் இந்த விவசாயக் காலனியை விட்டே போக வேண்டும். மூப்பர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

கேட்பானா என்று யாருக்கும் தெரியாது. விசாரித்தவர்களுக்கெல்லாம் அவன் சொன்னது ஒரே வார்த்தை: பார்க்கலாம்.

பழைய திருகு இருந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்பு உருளை இருந்தது. அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் டிராக்டருக்குள் போயின.

டீட்ரிக் சீட்டிலிருந்தபடி ஒரு லீவரைத் தொட்டான். உருளைக்குள்ளிருந்து பளபளப்பான தண்டு மெல்ல வெளியே வந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தான். விரலளவு குறைந்தது. ஏறி மறுபடி தொட்டான். இறங்கினான்.

இரும்புப் பின் துளைக்குள் விழுந்த சத்தம் வேலி வரை கேட்டது.

"சாந்தா குரூஸ் நகரத்துல போய் வாங்கியிருக்கான் அந்த ஆளு," என்றான் ஹெர்மன். "ஹைட்ராலிக். இனி கர்த்தரே பின்னாடி வந்து நின்னாலும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னுதான் சொல்லுவான்."

"தோலை அந்தப் பக்கம் துப்பு. என் பாவாடைமேலெல்லாம் விழுது."

"நீயே சொல்லுக்கா. திரும்பி வர்ற எண்ணம் இருக்கறவன் இதை வாங்குவானா? ஞாயித்துக்கிழமை முட்டி போட்டா, திங்கக்கிழமை நானே போய்ப் பின்னைப் பிடிக்கப் போறேன். அதுவரைக்கும் பொறுக்க முடியலைன்னா என்ன அர்த்தம்? மூட்டை கட்டியாச்சுன்னு அர்த்தம்."

காலையில் அந்த உருளையைப் பார்த்த நிமிடத்திலிருந்து நேத்தாவுக்குள்ளும் அதே கேள்விதான் கிடந்து உருண்டது.

டிராக்டர் நகர்ந்தது. விதைக்கிற நிலத்தின் வாசல் வந்தது. டீட்ரிக் திரும்பாமல் அதைத் தாண்டிப் போனான்.

"எங்க போறான்?" என்று ஹெர்மன் வேலிமேல் சாய்ந்து எட்டிப் பார்த்தான்.

வீட்டுக்கு முன்னால், தெருவை ஒட்டி, குதிரைகளைக் கட்டும் கம்பங்கள் வரிசையாக நின்றன. வண்டிகள் நிற்கிற இடம். பல மாதமாக எந்தச் சக்கரமும் படாமல் புல் மண்டி, மழை பறித்த குழிகளோடு கிடந்தது.

டீட்ரிக் அங்கே போய் பிளேடை இறக்கினான். லீவரைத் தொட்டான். தண்டு சுருங்கியது. பிளேடு முன்பக்கம் குனிந்து, அதன் பற்கள் மண்ணைக் கடித்துக் கிளறின. திரும்பி வரும்போது தண்டு நீண்டது. பிளேடு பின்னால் சாய்ந்து, கிளறிய மண்ணை வழித்துக் குழிகளில் நிரப்பிக்கொண்டே வந்தது. குனிவதும் நிமிர்வதுமாக அது போய்ப் போய் வந்தது. ஒரு தடவைகூட அவன் இறங்கவில்லை.

நேத்தா அந்தப் பழைய திருகைச் சுற்றியிருக்கிறாள். எத்தனை சுற்றுக்கு பிளேடு எவ்வளவு சாயும் என்று அவளுடைய உள்ளங்கைக்குத் தெரியும். இந்தத் தண்டு எங்கே நிற்கும் என்பதை அவள் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் கணித்தாள். சரியாக அங்கேயே நின்றது.

விலக்கப்பட்டவன் வீட்டுக்கு வண்டி வராது. மன்னிக்கப்பட்டவன் வீட்டுக்கு அன்று மாலையே ஊர் முழுக்க வரும், காப்பிக்கும் ரொட்டிக்கும்.

ஹெர்மன் கொறிப்பதை நிறுத்தியிருந்தான்.

"அதான் இன்னும் ரப்பரைக் கழட்டலை," என்றான். "இரும்புச் சக்கரம் ஏறினா நிரவின மண்ணு திரும்பக் குழியாயிரும்." கையில் மிச்சமிருந்த விதைகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "மச்சான் எத்தனை வண்டி வரும்னு நினைக்கிறாரு? இவ்வளவு தூரத்துக்கு நிரவுறாரே."

நேத்தா வேலிக் கதவைத் திறந்தாள். நிரவிய மண்ணில் கால் படாமல் ஓரமாகவே நடந்து, டீட்ரிக்கின் வீட்டுக்குள் போய் அடுப்பை மூட்டினாள்.

சமையலறையில் இரண்டு மேசைகள் ஒரு முழ இடைவெளியில் கிடந்தன. விலக்கப்பட்டவனோடு மனைவியும் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. பெரிய மேசையில் தன் தட்டை வைத்தாள். ஜன்னலோரச் சின்ன மேசையில் அவனுடையதை வைத்தாள்.

அவன் கை கழுவிவிட்டு வந்து தன் மேசையில் உட்கார்ந்தான். இருவரும் தனித்தனியாகத் தலை குனிந்து ஜெபித்தார்கள்.

சூப் பாதி தீர்ந்தபோது, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே நேத்தா கேட்டாள்.

"சனிக்கிழமை எத்தனை ரொட்டி சுடட்டும்?"

அவன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான்.

"நிறையச் சுடு," என்றான்.