குடிச்சனான்

"இவர் ஒரு துளி சாராயம் வாயில வைச்சதில்லை, டொக்டர். அதை நீங்கள் உங்கட வாயால ஒருக்காச் சொல்லோணும்."

றுக்கியா கதிரையின் நுனியில் இருந்தாள். பக்கத்தில் கணவர் முத்தலிப், வயிறு ஊதி, கண்கள் மஞ்சளித்துப் போய்.

"ஈரலில கட்டி எண்டதும், ஒளிச்சுக் குடிச்சிருக்கிறார் எண்டு கிண்ணியா ஊர் முழுக்கக் கதை. மகள் ஸல்ஹாவைக் கலியாணம் பேசி வந்தவங்களும் வேண்டாமெண்டு போயிட்டாங்க."

டொக்டர் தவராசா வாயைத் திறக்க முன் முத்தலிப் முந்திக்கொண்டார்.

"குடிச்சனான், றுக்கியா. ஹாபரில கப்பல் வேலை செய்த காலத்தில. உனக்குத் தெரியாம."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"என்ட பிள்ளைட வாழ்க்கையையும் சேர்த்துக் குடிச்சிட்டீங்க" என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டு வெளியே போய், விறாந்தை வாங்கில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தவராசா கதவைச் சாத்தினார். கோபம் வந்தது அவருக்கு.

"ஏன் முத்தலிப் நானா, இந்தப் பொய்? போன கிழமைதானே விளங்கப்படுத்தினனான். முந்தி உங்கட கால் நசிஞ்ச நேரம், இரத்தக் குழாயைப் படம் பிடிக்க ஒரு மருந்து ஏத்தினவை. அது ஈரலில தங்கி, முப்பது வருசமா உள்ளுக்குள்ள கதிர் வீசி எரிச்சுத்தான் இந்தக் கட்டி வந்தது. பாருங்கோ."

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அந்த மருந்து படிந்த ஈரல் விலா எலும்பைவிட வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் கட்டி இருந்த இடம் மட்டும் கறுப்பு.

"விளங்கினது, டொக்டர். அந்த மருந்தை உடம்பிலிருந்து எடுக்க ஏலுமா?"

"ஏலாது."

"கட்டி வர முன்னம் தடுக்க?"

"அதுக்கும் வழியில்லை. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. ஆருக்கு எண்டு சொல்ல ஏலாது."

"அப்ப தெரிஞ்சு என்ன பலன்? ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்கிறதுதான்."

"உங்களுக்குத்தான் தெரியுமே. அவவிட்ட ஏன் மறைக்கிறீங்கள்? மகளிட கலியாணத்தையாவது யோசிச்சீங்களா?"

"மகளுக்கு இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு ஒரு இடம் வரும்."

முத்தலிப் மெல்ல எழும்பி, யன்னலால் மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"கலியாணம் முடிச்ச வருசம் நாங்க போன பஸ் புரண்டது, டொக்டர். எனக்குக் கால், அவளுக்குத் தலை. ரெண்டு பேருக்கும் அதே மருந்தைத்தான் ஏத்தினவங்க."